மாமியாரின் தொடை எலும்பும் ஒரு கூஜாவும்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்போதே என் எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துதான் நிற்கும். முப்பது வருஷம் மண்வெட்டி பிடித்த பிறகு அவை காற்றில் படுத்த கரும்பு மாதிரி கிடக்கின்றன. பிழைகளை என் மகள் திருத்தித் தந்திருக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் எழுதிய பக்கங்களுக்கு மட்டும் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத வந்த காரணம் இதுதான். வில்லியனூர்ப் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம், நான் ஆஸ்பத்திரியில் ஒரு கூஜாவோடு பேசினேன் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். போன மாதம் பாகூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் இலைக்கு எதிரே ஒருவர் கூஜாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பேசிக்கினு இருங்க மாமா, சாம்பாரு வருது" என்றார். பந்தியே சிரித்தது. நான் சாம்பாருக்கு முன்னாலேயே இலையை மூடிவிட்டேன். கூஜாவோடு பேசியது உண்மைதான். ஏன் பேசினேன் என்பதை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். வாயால் எடுத்துச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

மாமனார் இறந்த பிறகு மாமியார் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அவருடைய ஒரே மகன் பம்பாயில் வேலையாக இருந்தான். எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் விடாத குடும்பங்களில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நிற்க மாட்டார், நேராகப் பேசவும் மாட்டார். சொல்ல வேண்டியதை நடுவில் ஒருவரை வைத்துச் சொல்வார். ஆள் கிடைக்காவிட்டால் தூணிடம் சொல்வார், கதவிடம் சொல்வார், கட்டியிருக்கிற மாட்டிடம் சொல்வார். "சோறு ஆறிப்போவுது, வந்து சாப்புட்டா நல்லாருக்கும்" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னால் அது எனக்கு. "இதோ, கை கழுவிக்கினு வரேன்" என்று நானும் மாட்டிடமே சொல்வேன். மாடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும்.

மற்ற மாப்பிள்ளைகள் இந்த வழக்கத்தைக் கேலி செய்வார்கள். எனக்கு அது பெரிய வசதி. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஊர் வரைக்கும் போய் நடந்து திரும்பியவன் நான். உலகத்தில் எல்லோருமே என்னிடம் மாட்டின் வழியாகப் பேசினால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மாமியாருக்கு முதல் தடவை எலும்பு முறிந்தது மாட்டுக் கொட்டகையில், சாணியில் வழுக்கி. வலது இடுப்பு மூட்டில் பந்து மாதிரி இருக்கிற எலும்பின் கழுத்து ஒடிந்துபோனது. அப்போது மச்சான் லீவில் ஊருக்கு வந்திருந்ததால் எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொண்டான். டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் ஒடிந்த பந்தை எடுத்துவிட்டு இரும்புப் பந்து வைத்தார்கள். பந்துக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தண்டு. அது தொடை எலும்பின் உள்குழிக்குள் இறங்கி நிற்கும். "துருப் பிடிக்காதும்மா, எவர்சில்வர் மாதிரி" என்று அங்கே யாரோ சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து ஊரில் அதற்கு எவர்சில்வர் எலும்பு என்று பெயர் ஆகிவிட்டது. தெருப் பெண்கள் வந்து, "பழைய பொடவ குடுத்து மாத்தினியாக்கா? எங்களுக்கும் ஒன்னு கேட்டுச் சொல்லேன்" என்பார்கள். மாமியாருக்கு உள்ளூரப் பெருமைதான். இருந்தாலும் துரு விஷயத்தில் அவருக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை வரவில்லை. சனிக்கிழமை தவறாமல் இடுப்புக்கு நல்லெண்ணெய் தடவிக்கொள்வார். இடி இடித்தால் வாசல் பக்கமே வர மாட்டார்.

ஆறு வருஷம் இப்படி ஓடியது.

இரண்டாவது தடவை விழுந்ததற்குக் காரணம் நான். இதை வெளியில் எங்கும் சொன்னதில்லை. அது பங்குனி மாதம். என் மனைவிக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகி, அவளை உள் அறையில் படுக்க வைத்திருந்தோம். அன்று கரும்பு வெட்டு சீக்கிரம் முடிந்துவிட, நான் வழக்கத்துக்கு முன்னாலேயே வீடு திரும்பிவிட்டேன். மாமியார் வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரி நேரத்தில் மாப்பிள்ளை செருமிக்கொண்டு வர வேண்டும். நான் செருமுவதற்கும் வெட்கப்படுகிறவன். சத்தமில்லாமல் எதிரே போய் நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே ஒதுங்க எழுந்து ஓடினார். வாசற்படி ஓரம் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியின் கயிறு காலில் மாட்டியது. கரும்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஐயோ, யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினார்.

நான் இரண்டு முழம் தள்ளித்தான் நின்றேன். யாராச்சும் என்பதில் நான் சேர்த்தியா இல்லையா என்று தெரியவில்லை.

"எங்க வலிக்குதுன்னு கேளு" என்றேன் ஆட்டுக்குட்டியிடம்.

"வலது காலுன்னு சொல்லு" என்றார் மாமியார், ஆட்டுக்குட்டியிடம்.

வேப்பிலைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "இன்னாங்க இது, ஆட்டுக்குட்டி கிட்ட பேசிக்கினு கீறீங்க? தூக்குங்க அம்மாவ!"

"நானா?"

"பின்ன ஆட்டுக்குட்டியா தூக்கும்?"

நான் தூக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு வந்தேன். அவர்கள் கதவு ஒன்றைக் கழற்றி, அதன் மேல் படுக்க வைத்தார்கள். எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவர் எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். அவரை அழைத்து வந்தோம். காலைத் தொடுவதற்கு முன்னாலேயே, "இது எவர்சில்வர் வெச்ச காலா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். கையை எடுத்துக்கொண்டார். "எலும்புன்னா நான் கட்டுவேன். இரும்பெல்லாம் எனக்குத் தெரியாதுபா. கொல்லன் கிட்டப் போ, இல்லன்னா வெச்சவன் கிட்டயே கொண்டு போ." அவர் சொன்னதில் இரண்டாவதைக் கேட்டோம். கரும்பு ஏற்றப் போன டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி, கதவோடு மாமியாரை ஏற்றினோம். நான் டிரைவர் பக்கத்தில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் தெற்கத்திக்காரர். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் அவசரம். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னைக் கூப்பிட்டார்.

"என்ன வேலை பாக்கீங்க?"

"பயிர் வேலை சார்."

"அப்ப சுலபம். மம்பட்டியில காம்பு மாட்டுற துளை இருக்குல்ல? இரும்பு அப்படியே இருந்து, காம்பு மட்டும் பிளந்துபோனா என்ன செய்வீங்க?"

"பிளவு சின்னதுன்னா கம்பி சுத்துவோம் சார். காம்பு ஆடுச்சின்னா கழட்டிப் போட்டுட்டு வேற போடுவோம்."

"இவங்களுக்கும் அதேதான். பந்து நல்லா இருக்கு. தண்டு நல்லா இருக்கு. தண்டோட நுனி இருக்கிற இடத்துல, சுத்தி உள்ள எலும்பு சாய்வா ஒடிஞ்சிருக்கு." படத்தில் விரலால் காட்டினார். கரும்பில் காய்ந்த சோகை இலையை உரித்த இடம் மாதிரி ஒரு கோடு தெரிந்தது.

அதன் பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். தண்டு எலும்புக்குள் இறுகப் பிடித்திருந்தால் அதை அசைக்க வேண்டியதில்லை. வெளிப்பக்கம் நீளமாக ஒரு தகடு வைத்து, ஒடிந்த இடத்துக்குக் கீழே திருகாணி போடுவார்கள். மேலே தண்டு அடைத்துக்கொண்டிருப்பதால் திருகாணி உள்ளே போகாது. அங்கே தகட்டையும் எலும்பையும் சேர்த்துக் கம்பி சுற்றி முறுக்குவார்கள். ஆனால் தண்டு உள்ளே ஆடிக்கொண்டிருந்தால் தகடு வைத்துப் பயனில்லை. பழைய தண்டை உருவிவிட்டு, முறிவைத் தாண்டிக் கீழே போகிற மாதிரி நீளமான தண்டு போட வேண்டும். அந்த நீளத் தண்டு இங்கே கிடையாது, மெட்ராஸிலிருந்து வரவழைக்க வேண்டும்.

"தகட்டை மட்டும் வச்சுக்கிட்டுத் திறந்து பாத்து, தண்டு ஆடுச்சுன்னா, மூடிட்டு இன்னொரு தடவை திறக்கணும்" என்றார். "இந்த வயசுல ரெண்டு தடவை வேண்டாம். அப்புறம் எந்திரிச்சு நடக்கிறது சந்தேகம்தான்."

"ஆடுதா இல்லியான்னு படத்துல தெரியாதா சார்?"

"லேசா சந்தேகமா இருக்கு. திட்டமாத் தெரியலை. ஆடுச்சுன்னா நடக்கும்போது வலிச்சிருக்கும். அவங்களைத்தான் கேக்கணும்."

மாமியாரின் காலில் கயிறு கட்டி, கட்டிலுக்கு வெளியே செங்கல் தொங்கவிட்டார்கள். பெண்கள் வார்டு என்பதால் நான் வராந்தாவில் இருப்பேன். டாக்டர் வரும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் மட்டும் நர்ஸ் உள்ளே விடுவார். பக்கத்துக் கட்டிலில் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த மீன்காரம்மா ஒருவர் இருந்தார். கால் முறிந்து, குணமாகும் தறுவாயில் இருந்தார். வந்த அன்றே எங்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, நடுவில் நின்று பேசும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். மாமியார் அவர் காதில் மெதுவாக ஏதோ சொல்வார். அது வார்டு முழுக்கக் கேட்கும்படி எனக்கு வரும்.

"யோவ் மாப்ள! இங்கயே நின்னுக்கினு இருக்காத, போய்த் தொலைன்னு சொல்லுது உங்க மாமியாரு!"

மாமியார் பதறிப்போய் அவர் புடவையைப் பிடித்து இழுப்பார். திரும்பக் காதில் ஏதோ சொல்வார்.

"இல்லியாம், டீ குடிச்சிட்டு வரச் சொல்லுதாம். நான் சொன்னதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்? ஏம்மே, உம் மாப்ள இன்னாத்துக்கு இப்படிச் செவக்குறாரு? வெந்த நண்டு மாரி கீறாரு."

நான்காம் நாள் மீன்காரம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது, "நான் பூட்டா யாரு வழியாப் பேசுவீங்க? செவுத்தப் பாத்தா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

சுவர் தூரத்தில் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்து அலமாரி மேல் எங்கள் வீட்டுக் கூஜா இருந்தது. மாமியார் கூஜாவைப் பிடித்துக்கொண்டார். நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தால், "உப்பு பத்தல, பரவாயில்ல" என்று கூஜாவிடம் சொல்வார். நானும் அதனிடம் தலையாட்டுவேன். வீட்டில் இருந்த மாதிரியே இருந்தது. சுற்றிலும் முப்பது கட்டில் இருக்கிறது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

மறுநாள் காலை டாக்டர் பத்துப் பன்னிரண்டு மாணவர்களோடு வந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"அம்மா, இப்ப விழுறதுக்கு முன்னாடி, நடக்கும்போது தொடையில வலி இருந்துச்சா?"

தொடை என்ற சொல்லை மாப்பிள்ளை எதிரே ஒருவர் சொல்லிவிட்டார். மாமியார் போர்வையை நெற்றி வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"ஒன்னும் இல்ல" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. காலையில எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது? மேல் தொடையில?"

போர்வை கொஞ்சம் இறங்கியது. மாமியார் தலையைத் திருப்பிக் கூஜாவைப் பார்த்தார். "ஆம்பளைங்க நிக்கிற எடத்துல கேக்குற கேள்வியா இது? மொதல்ல அவுர டீ குடிக்க அனுப்பு."

"யாரை அனுப்பணும்?" என்றார் டாக்டர்.

"அவுரத்தான்" என்றார் மாமியார், கூஜாவிடம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். கூஜாவைப் பார்த்தார். நர்ஸ் அவர் பக்கம் குனிந்து, "நேத்து சாயங்காலத்துலேருந்து இப்படித்தான் டாக்டர். அதுகிட்டயேதான் பேசுறாங்க" என்றார்.

டாக்டர் முகம் மாறியது. சின்ன விளக்கை எடுத்து மாமியாரின் கண்ணில் அடித்துப் பார்த்தார். "விழுந்தப்ப தலையில அடிபட்டுச்சா?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன். "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

மாமியார் கூஜாவிடம் வருத்தப்பட்டார். "கெழம கூடத் தெரியாம இவ்ளோ பெரிய படிப்பு படிச்சிருக்காரு பாரு."

மாணவர்கள் வேகமாக ஏதோ எழுதினார்கள். டாக்டர் குரலைத் தாழ்த்தி அவர்களுக்கு இங்கிலீஷில் விளக்கினார். பிறகு என்னிடம் சொன்னார்: "வியாழக்கிழமை வச்சிருந்த ஆபரேஷன் இப்ப வேண்டாம். தலை டாக்டர் வந்து பாக்கட்டும். நினைவு தெளிவில்லாதவங்க சொல்றதை வச்சு நான் எதை முடிவு பண்றது? எத்தனை வாரம் ஆகும்னு தெரியலை. அதுவரைக்கும் செங்கலோடதான் படுத்திருக்கணும்."

இங்கேதான் என் கஷ்டம் ஆரம்பித்தது. டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஒரு வருஷமாகவே தெரியும். காலையில் நான் சுவருக்கு அந்தப் பக்கம் பல் விளக்கும்போது, இந்தப் பக்கம் மாமியார் மாட்டிடம் சொல்லிக்கொண்டிருப்பார்: "எழுந்து நிக்கச் சொல்லோ சுருக்குங்குதுடி. நாலு அடி வெச்சா விட்டுடுது. துரு ஏறிப்போச்சோ இன்னாவோ." அது எனக்குச் சொன்ன பேச்சு அல்ல. மாட்டுக்கே சொன்னது. அதனால் நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. மாமியாருடைய தொடையைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும் என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது?

அதை இப்போது பன்னிரண்டு மாணவர்கள் எதிரே சொல்ல வேண்டும். அதில் நான்கு பேர் பெண்பிள்ளைகள். சொல்லாவிட்டால் மாமியார் நடக்காமல் போகலாம். நான் டாக்டர் பின்னாலேயே போனேன். ஆண்கள் வார்டுக்குப் போனார், நானும் போனேன். மாடிப்படி ஏறினார், நானும் ஏறினேன். அவர் திரும்பி, "என்னய்யா?" என்றார். "ஒன்னும் இல்ல சார்" என்றேன். கீழே இறங்கினார். இறங்கினேன். "என்னன்னு சொல்லுங்க!" "ஒன்னும் இல்ல சார்." மூன்றாவது தடவை அவர் கழிவறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கு மேல் பின்தொடர்வது முறையில்லை என்று வந்துவிட்டேன்.

அன்று முழுக்க வராந்தாவில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் தொடை என்ற இடம் வரும்போது நின்றுவிட்டது. முட்டிக்கு மேலே என்று சொல்லலாமா? இடுப்புக்குக் கீழே? அது இன்னும் மோசமாகக் காதில் விழுந்தது.

அடுத்த நாள் காலை டாக்டர் அதே கூட்டத்தோடு வந்தார். எங்கள் கட்டிலில் நிற்காமல் தாண்டிப் போகப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. அப்போது என்னை அறியாமல் அலமாரி மேலிருந்த கூஜாவை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏ கூஜா" என்றேன், சத்தமாக. "டாக்டருக்கு ஒரு விஷயம் சொல்லணும்."

டாக்டர் நின்றார். நர்ஸிடம் மெதுவாக, "தலை டாக்டருக்கு இவருக்கும் ஒரு சீட்டு எழுதணுமா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நான் கூஜாவின் மூடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு வருஷமா காலையில எழுந்து மொத நாலு அடி வைக்கச் சொல்லோ அவங்களுக்கு… அந்த எடத்துல… சுருக்குன்னு வலிக்கும். நடந்தா விட்டுடும். மாட்டு கிட்ட சொல்லிக்கினு இருந்தாங்க. நான் செவுத்துக்கு அந்தாண்ட பல்லு வெளக்கிக்கினு இருந்தேன். காதுல விழுந்துது."

போர்வை படக்கென்று விலகியது. மாமியாருக்கு வலியெல்லாம் மறந்துவிட்டது. அவரும் கூஜாவைப் பார்த்தார். "ஒட்டுக் கேட்டாராமா?"

"ஒட்டுக் கேக்கல. பல்லு வெளக்கினேன்" என்றேன் கூஜாவிடம்.

"ஒரு வருசமாவா பல்லு வெளக்கினாரு?"

மாணவர்களில் ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கிருமாம்பாக்கம் பக்கத்துப் பெண் என்று பிறகு தெரிந்தது. "சார், இவங்களுக்குத் தலையில ஒன்னும் இல்ல. மாமியார் மாப்பிள்ளைகிட்ட நேராப் பேச மாட்டாங்க சார். எங்க பெரியம்மாவும் இப்படித்தான். அவங்க கதவுகிட்டப் பேசுவாங்க."

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு என் கையிலிருந்து கூஜாவை வாங்கினார். அதைக் கட்டில் ஓரம் வைத்து, அதற்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கூஜாவே, அந்த அம்மாகிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லு. அந்த வலி உக்காந்திருக்கும்போதும் இருந்துச்சா, முதல் அடியில மட்டுமா?"

மாமியார் என் பக்கம் ஒரு ஜாடை காட்டினார். நான் வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். அப்புறம் உள்ளேயிருந்து அவர் குரல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு வருஷத்துப் பேச்சு. மழை நாளில் எப்படி, குத்துக்காலிட்டு எழுந்தால் எப்படி, சனிக்கிழமை எண்ணெய் தடவினால் எப்படி என்று எல்லாம் கூஜாவுக்குத் தெரிந்தது. மாணவர்கள் கூஜாவைச் சுற்றி நின்று எழுதிக்கொண்டார்கள்.

டாக்டர் வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "தண்டு ஆடத்தான் செய்யுது. மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்புறேன்" என்றார். பிறகு, "நேத்து என் பின்னாடியே வந்தது இதுக்குத்தானா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். அந்த ஒன்றை நேராகச் சொல்லிவிட்டேன்.

நீளத் தண்டு வர ஒன்பது நாள் ஆனது. ரத்தம் வேண்டும் என்றார்கள். என் ரத்தம் சேர்ந்தது. ஒரு பாட்டில் கொடுத்தேன். மாமியாரிடம் சொல்ல வேண்டாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டேன். நர்ஸ் அடுத்த நிமிஷமே சொல்லிவிட்டார். அன்று மதியம் மாமியார் நெடுநேரம் கூஜாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். கடைசியில், "ரெண்டு முட்ட வாங்கித் துன்னச் சொல்லு. ஒரே மூச்சுல துன்ன வேணாம்" என்றார்.

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்து மதியம் முடிந்தது. நான் வராந்தாவில் நிற்பதும் உட்காருவதுமாக இருந்தேன். டாக்டர் வேர்த்துப்போய் வந்தார். பழைய தண்டு, இளகின மண்ணில் நட்ட குச்சி மாதிரிக் கையோடு வந்துவிட்டதாம். புதுத் தண்டு முறிவைத் தாண்டி இறங்கி, ஒரு மாதிரிச் சிமெண்டில் பிடித்துக்கொண்டதாம். முறிந்த எலும்பைச் சுற்றி நான்கு இடத்தில் கம்பி முறுக்கியிருக்கிறார்களாம். "தகட்டை மட்டும் வச்சுக்கிட்டு இறங்கியிருந்தா, இன்னைக்கு மூடிட்டு வந்திருப்பேன்" என்றார். நான் அவர் செருப்பைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வியை நர்ஸ் வந்து சொன்னார். பழைய எவர்சில்வரை என்ன செய்தார்கள், திருப்பிக் கொடுப்பார்களா என்பதுதான் அது.

அதற்குப் பிறகு அவசரப்படாமல் நாட்கள் போயின. என் மனைவிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டோடு பஸ்ஸில் வந்து, சாயங்காலம் மாட்டைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். அவள் இருக்கும் நேரத்தில் எங்களுக்குக் கூஜா தேவைப்படவில்லை. ஏழாவது வாரம் ஒரு காலையில், அவள் வருவதற்கு முன்னால், டாக்டர் நான்கு கால் வைத்த நடைவண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்கே நடக்க வேண்டும் என்றார்.

நான் வார்டு வாசலில் முதுகைக் காட்டி நின்றேன். மாமியார் கட்டிலை விட்டு இறங்குவதை நான் பார்ப்பது சரியில்லை.

"ஐயா, திரும்பிப் பாருங்க. உங்க மாமியார் நிக்காங்க" என்றார் டாக்டர்.

நான் திரும்பவில்லை. காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன். வண்டியின் ரப்பர் கால்கள் தரையில் பொத்தென்று பதிந்தன. அப்புறம் ஒரு கால் இழுபடும் சத்தம். முதல் அடி. அவர் சுருக்கென்று ஏதாவது சொல்வாரா என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பொத். இரண்டாவது அடி. மூன்று. நான்கு. அந்த நான்கு அடிதான் எனக்குத் தெரிந்த நான்கு அடி. அதைத் தாண்டினார். ஐந்து, ஆறு. டாக்டர், "மெதுவா, மெதுவா" என்றார். பதினொன்றாவது அடியில் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"வழிய விட்டா நல்லாருக்கும்" என்றது மாமியாரின் குரல்.

டாக்டர் நான்கு கட்டில் பின்னால் நின்றிருந்தார். நர்ஸ் மருந்து அறையில் இருந்தார். கூஜாவை அன்று கழுவக் கொடுத்திருந்தேன். அவர் அதை யாரிடம் சொன்னார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

நான் வழியை விட்டேன்.

1987, ஆகஸ்ட் 28.